பியர்டட் டிராகன் வாங்குவோர் கவனத்துக்கு: ஆரோக்கியமான தாடி ஓணானை எங்கே, எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

புது தில்லி: நாய், பூனை, கிளி என்ற வட்டத்தைத் தாண்டி, வெளிநாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்கும் ஆர்வம் இந்திய நகரங்களில் பரவி வருகிறது. அவ்வாறு விரும்பப்படும் உயிரினங்களுள் ஒன்று ‘பியர்டட் டிராகன்’ எனப்படும் தாடி ஓணான். சாதுவான இயல்பு, பகலில் விழித்திருக்கும் பழக்கம், கையில் எடுத்தால் பதறாத குணம் ஆகியவற்றால், ஊர்வன வளர்ப்பில் புதிதாக இறங்குவோருக்கு ஏற்றது என்று இது உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

ஆனால், வாங்கிய சில வாரங்களிலேயே உணவை மறுத்து மெலிந்து இறந்துபோகும் குட்டிகளும் உண்டு. இதற்கு வளர்ப்பவரின் கவனக்குறைவு மட்டுமே காரணம் அல்ல. பல நேரங்களில், விற்பனையாளரிடம் இருந்த நாள்களிலேயே அந்தக் குட்டியின் உடல்நலம் சீர்குலைந்திருக்கும். எனவே, ‘எதை வாங்குவது’ என்பதைவிட ‘யாரிடம் வாங்குவது’ என்ற கேள்வியே இங்கு முதன்மையானது. இந்தியாவில் இக்கேள்விக்குச் சட்டரீதியான மற்றொரு முகமும் உண்டு.

தாயகம் ஆஸ்திரேலியா

நம் தோட்டங்களிலும் வேலிகளிலும் காணப்படும் ஓணானும் தாடி ஓணானும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ‘போகோனா விட்டிசெப்ஸ்’ என்ற அறிவியல் பெயர் கொண்ட இந்த இனம், ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் உள்ள வறண்ட நிலங்களுக்கு உரியது. அச்சுறுத்தலை உணரும்போது, தொண்டைப் பகுதியில் உள்ள முட்கள் போன்ற செதில்களை விரித்துக் கருமையாக்கும். அந்தத் தோற்றமே இதற்குத் ‘தாடி’ என்ற பெயரைப் பெற்றுத் தந்தது. வளர்ந்த தாடி ஓணான் வாலுடன் சேர்த்து 40 முதல் 60 செ.மீ. வரை நீளம் கொண்டது. நல்ல பராமரிப்பில் சுமார் 10 ஆண்டுகள் உயிர் வாழும்.

ஆஸ்திரேலியா தனது நாட்டு ஊர்வனவற்றை வணிக நோக்கில் உயிருடன் ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. ஆகவே, உலகச் சந்தையில் சட்டப்படி விற்கப்படும் தாடி ஓணான்கள், பிற நாடுகளில் பல தலைமுறைகளாகக் கூண்டுகளில் இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. ‘இது ஆஸ்திரேலியாவில் இருந்து நேரடியாகக் கொண்டு வரப்பட்டது’ என்று ஒரு விற்பனையாளர் பெருமையுடன் கூறினால், அதுவே அவரிடம் வாங்காமல் இருப்பதற்குப் போதுமான காரணமாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியக் காடுகளுக்கு உரிய உடும்பு, நட்சத்திர ஆமை, கிளிகள் போன்றவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டப்படி குற்றமாகும். வெளிநாட்டு இனங்களைப் பொருத்தவரை, நீண்ட காலமாகத் தெளிவற்ற நிலையே நீடித்து வந்தது. 2022-ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் இதனை மாற்றியது.

அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள இனங்கள், இந்தத் திருத்தத்தின் மூலம் சட்டத்தின் நான்காவது அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை வைத்திருப்போர் உரிய அதிகாரியிடம் தெரிவித்துப் பதிவு செய்வது கட்டாயமானது. இதற்கான விதிகளை மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கை செய்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. அதன் பின்னர் வாங்குவோர், விலங்கு தங்கள் வசம் வந்த 30 நாள்களுக்குள் ‘பரிவேஷ் 2.0’ இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஊர்வன விரும்பிகளிடையே பரவலாக உள்ள பச்சை இகுவானா, பால் பைத்தான் ஆகியவை சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை என்பதால், அவற்றுக்குப் பதிவு அவசியம். தாடி ஓணான் சைட்டிஸின் முதல் இரண்டு இணைப்புகளில் இடம்பெறவில்லை. ஆனால், இந்தப் பட்டியல்கள் அவ்வப்போது திருத்தப்படுபவை. எனவே, வாங்கும் நாளில் அறிவியல் பெயரைக் கொண்டு நடப்புப் பட்டியலைச் சரிபார்ப்பதும், ஐயம் இருந்தால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் விசாரிப்பதும் பாதுகாப்பானது.

பட்டியலில் இல்லை என்பதாலேயே எவ்வழியிலும் கொண்டு வரலாம் என்று பொருள் இல்லை. உரிய இறக்குமதி அனுமதியும் விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் ஒப்புதலும் இன்றி, பெட்டியில் மறைத்துக் கொண்டு வரப்படும் எந்த உயிரினமும் கடத்தல் பொருளே. அதனைச் சுங்கத் துறை பறிமுதல் செய்ய முடியும்.

பெட்டிக்குள் அடைபட்ட உயிர்கள்

பாங்காக் போன்ற நகரங்களில் இருந்து சென்னை, பெங்களூரு, மும்பை விமான நிலையங்களுக்கு வரும் பயணிகளின் உடைமைகளில் ஊர்வனவும் சிறு பாலூட்டிகளும் சிக்குவது தொடர்கதையாகி உள்ளது. 2023 செப்டம்பரில், பாங்காக்கில் இருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு வந்த ஒரு பெட்டியில் 78 விலங்குகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் 55 பால் பைத்தான்களும் 17 ராஜநாகங்களும் உயிருடன் இருந்தன. 6 கபுச்சின் குரங்குகள் இறந்துகிடந்தன.

இவ்வாறு வரும் விலங்குகள் துணிப்பைகளிலும் பிளாஸ்டிக் டப்பாக்களிலும் நெருக்கி அடைக்கப்படுகின்றன. நீரும் வெப்பமும் இன்றிப் பல மணி நேரம் பயணிக்கின்றன. வெவ்வேறு இனங்கள் ஒன்றாக அடைக்கப்படுவதால் நோய்க் கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுகின்றன. பிடிபடாமல் சந்தையை எட்டும் குட்டி, பார்வைக்குச் சுறுசுறுப்பாகவே இருக்கலாம். ஊர்வன தங்கள் நோயை நீண்ட காலம் வெளிக்காட்டாமல் மறைக்கும் இயல்பு கொண்டவை. அறிகுறி தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

இதனால்தான் சட்டக் கேள்வியும் உடல்நலக் கேள்வியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ‘இந்தக் குட்டி எங்கே, எப்போது பொரித்தது? இதன் பெற்றோரைக் காண முடியுமா?’ என்ற கேள்விக்குப் பதில் தர இயலாத விற்பனையாளரிடம், சட்டப்படியான ஆவணமும் இருக்காது. உடல்நலத்துக்கான உறுதியும் இருக்காது.

எங்கே வாங்கலாம்?

இனப்பெருக்கம் செய்பவரிடம் நேரடியாக வாங்குவதே சிறந்த வழியாகக் கருதப்படுகிறது. பெற்றோர் ஓணான்களின் உடல்நிலை, அவை வாழும் இடம், அளிக்கப்படும் உணவு ஆகியவற்றை நேரில் காணலாம். பொரித்த தேதி, கடைசியாக உண்ட நாள், தோல் உரித்த நாள் போன்ற விவரங்களைப் பொறுப்புள்ள வளர்ப்பாளர் எழுதி வைத்திருப்பார். வாங்க வருபவரிடம், ‘கூண்டு தயாராக உள்ளதா? என்ன விளக்கு வாங்கினீர்கள்?’ என்று அவரும் கேள்வி கேட்பார். பணத்தைத் தவிர வேறு எதையும் கேட்காத விற்பனையாளரைவிட, கேள்வி கேட்டுத் தொல்லை தரும் வளர்ப்பாளர் மேலானவர்.

அடுத்தது செல்லப்பிராணிக் கடை. 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, இத்தகைய கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். விலங்குகளின் வரவு, விற்பனை குறித்த பதிவேடுகளையும் பராமரிக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. கடை ஊழியர்களிடம் குட்டி எங்கிருந்து வந்தது, எத்தனை நாள்களாகக் கடையில் உள்ளது என்று விசாரிக்க வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியது குட்டியை மட்டுமல்ல; அது வாழும் இடத்தையும்தான். ஒரே தொட்டியில் பத்துப் பதினைந்து குட்டிகள் நெருக்கியடித்துக் கிடந்தால், வலிமையானவை உண்டு வளர, மற்றவை பட்டினியில் மெலியும். பசியிலும் நெரிசலிலும் குட்டிகள் ஒன்றின் விரலையும் வால் நுனியையும் மற்றொன்று கடித்துவிடும். காய்ந்த எச்சம், அழுக்கு நீர், இறந்த பூச்சிகள், எரியாத விளக்கு ஆகியவை கண்ணில் பட்டால் அங்கு வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது. இத்தகைய இடத்தில் மெலிந்து கிடக்கும் குட்டியைக் கண்டு, இரக்கத்தால் வாங்கிவிடுவோர் உண்டு. ஆனால், அந்த விற்பனை அடுத்த குட்டி அதே தொட்டிக்கு வருவதற்கே வழிவகுக்கும். விலங்குகள் நல அமைப்பிடமோ கால்நடை பராமரிப்புத் துறையிடமோ புகார் அளிப்பதே அக்குட்டிகளுக்குச் செய்யும் உதவி.

சமூக ஊடகங்களில் புகைப்படத்தைக் காட்டி முன்பணம் பெறும் விற்பனை, மிகுந்த எச்சரிக்கைக்கு உரியது. படத்தில் உள்ள குட்டியும் வந்து சேரும் குட்டியும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்துப் பேருந்தில் ஏற்றி அனுப்புவதாகக் கூறுவோரிடம் வாங்குவது, அந்த உயிரைச் சூதாட்டத்தில் வைப்பதற்குச் சமம். நேரில் பார்க்க அனுமதிக்காதவர், ரசீது தர மறுப்பவர், ‘இன்றே முடிவு சொல்லுங்கள்’ என்று அவசரப்படுத்துபவர் ஆகியோரிடம் இருந்து விலகி நிற்பதே முறை.

வளர்க்க முடியாமல் பிறர் கைவிடும் வளர்ந்த ஓணானைப் பெற்றுக்கொள்வது நான்காவது வழி. குட்டியைவிட வளர்ந்த விலங்கைப் பராமரிப்பது எளிது. அதன் குணமும் உணவுப் பழக்கமும் முன்கூட்டியே தெரியும். இதிலும் பழைய ரசீது, மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவதும், விலங்கைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் அவசியம்.

குட்டியிடம் பார்க்க வேண்டியவை

ஆரோக்கியமான தாடி ஓணான், விளக்கு எரியும் பகல் வேளையில் தலையை நிமிர்த்தி, சுற்றிலும் நடப்பதைக் கூர்ந்து நோக்கும். நடக்கும்போது வயிற்றைத் தரையில் இழுக்காமல், உடலைத் தூக்கி நடக்கும். கையை அருகில் கொண்டு சென்றால் விலகும் அல்லது திரும்பிப் பார்க்கும். பகலில் கண்ணை மூடிச் சுருண்டு கிடப்பது சாதுவான குணத்தின் அடையாளம் அல்ல. அது நோயின் அடையாளமாக இருக்கக்கூடும்.

கண்கள் தெளிவாகவும் முழுமையாகத் திறந்தும் இருக்க வேண்டும். குழிவிழுந்த கண்கள் நீரிழப்பைக் காட்டும். மூக்கிலும் வாயோரத்திலும் சளியோ நுரையோ இருக்கக் கூடாது. வாயைத் திறந்தபடி வெயில் காய்வது இயல்பானது. ஆனால், விளக்கில் இருந்து விலகிய இடத்திலும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், சுவாசத் தொற்று இருக்கலாம்.

வாலின் அடிப்பகுதி சதைப்பற்றுடன் உருண்டையாக இருக்க வேண்டும். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருப்பதும், தலையின் மேற்புறம் பள்ளமாகத் தெரிவதும் பட்டினியின் சான்றுகள். கழிவுத் துவாரத்தைச் சுற்றி எச்சம் ஒட்டியிருந்தால் வயிற்றுப்போக்கும் குடல் ஒட்டுண்ணியும் இருக்க வாய்ப்புண்டு. விரல்களையும் வால் நுனியையும் எண்ணிப் பார்த்து, அவற்றில் பழைய தோல் வளையம்போல் இறுகியிருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். அவ்வாறு இறுகிய தோல் ரத்த ஓட்டத்தைத் தடுத்து விரலையே இழக்கச் செய்யும்.

கால்கள் வளைந்திருப்பது, தாடை மென்மையாக இருப்பது, விரல்கள் நடுங்குவது ஆகியவை எலும்பு வளர்சிதை நோயின் அறிகுறிகள். போதிய கால்சியமும் புறஊதா-பி ஒளியும் கிடைக்காத குட்டிகளை இந்நோய் தாக்குகிறது. தொடக்கத்தில் சிகிச்சை அளித்தால் நோய் மேலும் முற்றுவதைத் தடுக்கலாம். ஆனால், வளைந்துபோன எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

பொரித்துச் சில வாரங்களே ஆன மிகச் சிறிய குட்டிகளைத் தவிர்த்து, இரண்டு மூன்று மாதங்கள் ஆனதை வாங்குவது நல்லது. நம் கண் முன்னே அதற்கு உணவளிக்குமாறு கேட்கலாம். பூச்சியைக் கண்டதும் பாய்ந்து பிடிக்கும் குட்டியே நலமாக உள்ள குட்டி.

கண்ணுக்குத் தெரியாத நோய்கள்

எல்லா நோய்களையும் பார்வையால் கண்டறிய இயலாது. தாடி ஓணான்களைத் தாக்கும் ‘அடினோ வைரஸ்’ அவற்றுள் முக்கியமானது. இதற்கு நேரடியான மருந்து இல்லை. தொற்று உள்ள வளர்ந்த ஓணான் எவ்வித அறிகுறியும் இன்றி இருந்து, குட்டிகளுக்கு நோயைப் பரப்பலாம். பாதிக்கப்பட்ட குட்டிகள் வளர்ச்சி குன்றி இறக்கக்கூடும். பெற்றோர் விலங்குகளுக்கு இந்த வைரஸுக்கான பரிசோதனை செய்யப்பட்டுள்ளதா என்று கேட்பது அதனால்தான் முக்கியமாகிறது. ‘காக்சிடியா’ எனப்படும் குடல் ஒட்டுண்ணியை எச்சப் பரிசோதனையில் கண்டறிந்து குணப்படுத்த முடியும்.

கவர்ச்சியான நிறத்துக்காகவும் தோலின் அமைப்புக்காகவும் உருவாக்கப்படும் சிறப்பு வகைகளுக்குக் கூடுதல் விலை சொல்லப்படுகிறது. அவற்றுள் செதில்களே இல்லாத ‘சில்க்பேக்’ வகையைப் புதியவர்கள் தவிர்க்க வேண்டும். அதன் மெல்லிய தோல் எளிதில் காயமடையும். தோல் உரிவதிலும் சிக்கல்கள் ஏற்படும். அழகுக்காக உருவாக்கப்பட்ட இந்த மாற்றம், விலங்குக்கு வாழ்நாள் துன்பமாக அமைகிறது.

வாங்கும் முன் வீடு தயாரா?

வளர்ந்த ஓணான் ஒன்றுக்குக் குறைந்தது 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்ட கூண்டு தேவை. அதன் ஒரு முனையில் வெயில் காயும் இடம் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், மறுமுனை 24 முதல் 29 டிகிரி வரையிலும் இருக்க வேண்டும். புறஊதா-பி விளக்கு கட்டாயம். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு மாற்று ஆகாது. ஏனெனில், எலும்புகளுக்கு உதவும் அந்தக் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிர்வீச்சு காலப்போக்கில் குறைவதால், தயாரிப்பாளர் குறிப்பிடும் கால அளவில் அதனை மாற்ற வேண்டும்.

வறண்ட நிலத்து விலங்கான இதற்கு 30 முதல் 40 சதவீத ஈரப்பதமே ஏற்றது. மழைக்கால மும்பையிலும், ஆண்டின் பெரும்பகுதி சென்னை, கொல்கத்தாவிலும் காற்றின் ஈரப்பதம் இதனைவிட மிகவும் அதிகம். காற்றோட்டம் இல்லாத கூண்டில் இது சுவாசத் தொற்றுக்கு இட்டுச்செல்லும். தில்லி போன்ற வட இந்திய நகரங்களிலோ குளிர்கால இரவுகளே சவால். எனவே, உள்ளூர்ப் பருவநிலையை அறிந்த, அதே நகரத்தில் இனப்பெருக்கம் செய்யும் வளர்ப்பாளரின் ஆலோசனைக்கு மதிப்பு அதிகம்.

குட்டிகளின் உணவில் பெரும்பகுதி பூச்சிகளாகவும், வளர்ந்தவற்றின் உணவில் பெரும்பகுதி கீரை, காய்களாகவும் இருக்க வேண்டும். ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக் கூடாது. தோட்டத்தில் பிடித்த பூச்சிகளில் பூச்சிக்கொல்லி கலந்திருக்கலாம். மின்மினிப் பூச்சி உயிரைப் பறிக்கும் நஞ்சாகும். பூச்சிகளைத் தொடர்ந்து வழங்கும் இடம் அருகில் உள்ளதா, ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர் நகரில் இருக்கிறாரா என்பதை வாங்கிய பின்னர் அல்ல, வாங்கும் முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

‘ஜோடியாக வாங்கினால் விலை குறைவு’ என்ற பேச்சுக்கு மயங்கக் கூடாது. தாடி ஓணான் தனித்து வாழும் இயல்புடையது. இரு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் சண்டை மூளும்.

குழந்தைகள் உள்ள வீடுகளில்...

முற்றிலும் நலமாகத் தோன்றும் ஊர்வனவின் எச்சத்திலும் ‘சால்மொனெல்லா’ கிருமி இருக்கக்கூடும். தாடி ஓணான்களுடன் தொடர்புடைய சால்மொனெல்லா பாதிப்புகளை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் பலமுறை பதிவு செய்துள்ளது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு இக்கிருமியால் ஆபத்து அதிகம். விலங்கைத் தொட்ட பின்னர் சோப்பினால் கை கழுவ வேண்டும். அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

புதிய இடத்துக்கு வந்த குட்டி முதல் சில நாள்கள் குறைவாக உண்பது இயல்பு. அந்நாள்களில் அதனை அடிக்கடி கையில் எடுக்காமல் அமைதியாக விட வேண்டும். முதல் இரு வாரங்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டி, எச்சத்தைப் பரிசோதிக்கச் செய்வது நல்லது. வீட்டில் வேறு ஊர்வன இருந்தால், புதிய குட்டியைத் தனி அறையில் சில வாரங்கள் வைத்துப் பராமரிக்க வேண்டும். ரசீதையும் விற்பனையாளரின் விவரங்களையும் பத்திரப்படுத்துவது, நோய் வந்தாலும் அதிகாரிகள் விசாரித்தாலும் துணை நிற்கும்.

வளர்க்க முடியாத நிலை ஏற்பட்டால், வெளியில் விட்டுவிடுவது ஒருபோதும் தீர்வாகாது. செல்லப்பிராணியாக விற்கப்பட்டுப் பின்னர் குளங்களில் விடப்பட்ட வட அமெரிக்கச் செங்காது ஆமை, இன்று இந்தியாவின் பல நீர்நிலைகளில் உள்நாட்டு ஆமைகளுக்குப் போட்டியாக வளர்ந்து நிற்கிறது. தாடி ஓணானோ, நம் மழையிலும் பகைவிலங்குகளிடமும் சிக்கி மடியவே வாய்ப்பு அதிகம். அதனைப் பராமரிக்க முன்வரும் அனுபவசாலியிடம் முறைப்படி ஒப்படைப்பதே வழி.

ஒரு தாடி ஓணானை வாங்குவது, ஏறத்தாழ 10 ஆண்டுப் பொறுப்பை ஏற்பதாகும். பிறந்த இடம், பெற்றோர், ரசீது, பதிவுச் சான்றிதழ், உணவு உண்ணும் காட்சி ஆகிய ஐந்தையும் தயக்கமின்றிக் காட்டும் விற்பனையாளர் கிடைக்கும் வரை காத்திருப்பதில் இழப்பு ஏதும் இல்லை. அதுவரை, கூண்டை அமைத்து விளக்கின் வெப்பத்தைச் சரிபார்த்து வைத்திருந்தால், வரும் குட்டிக்கு முதல் நாளே உரிய இடம் தயாராக இருக்கும்.